பாவு நூலும் பச்சை வெளிச்சமும்

எங்கள் கல்லூரியில் எனக்கு 'ரேடியம் மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் சங்கரன்கோவில் போன்ற ஊரில் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் முகத்துக்கு நேரே சொல்வதும் ஒன்றுதான். காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பேன். "அம்மா, அந்தா எங்க ரேடியம் மேடம்" என்று ஒரு பிள்ளை தன் தாயின் முந்தானையை இழுக்கும். தாய் என்னை ஏற இறங்கப் பார்ப்பாள், எங்கேயாவது மினுங்குகிறேனா என்பதுபோல.

பெயர் வந்தது அறிவியல் கண்காட்சியில். இயற்பியல் துறைக்கு ஒதுக்கிய அறையின் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, மேசையில் சிறு கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் ஏதோ பாலாடை படிந்த கண்ணாடி. இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்தால் ஒவ்வொரு துண்டும் பச்சையாக ஒளிரும். வந்த விருந்தினர் குழந்தைபோல் "ஆகா" என்றார். தாளாளர் தெரிந்தவர்களையெல்லாம் கூட்டிவந்து மறுபடியும் காட்டச் சொன்னார். பையன்கள் வரிசையில் நின்றார்கள். "மேடம், இத பைக் நம்பர் பிளேட்டுல ஒட்டுனா சூப்பரா இருக்கும்லா?" என்று ஒருவன் கேட்டான். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

காரணம், அவர்கள் கைதட்டியது என் தோல்விக்கு. அந்தப் பச்சை வரவே கூடாத பச்சை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். துத்தநாக ஆக்சைடு என்பது ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. வேர்க்குருவுக்குப் பூசுகிற களிம்பில் இருக்கும் வெள்ளைப் பொடி அது. அதையே கண்ணாடியின் மேல் மிக நுண்ணிய குச்சிகளாக, நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல் நெருக்கமாக வளர்க்க முடியும். அப்படி ஒழுங்காக வளர்ந்த குச்சிகளைத் தூண்டினால் அவை புற ஊதா ஒளியை உமிழும். குச்சிக்குள் குறையோ கலப்படமோ இருந்தால் அந்த ஆற்றல் வழி தவறி, பச்சையாகவோ மஞ்சளாகவோ வெளியே வரும். புற ஊதா நம் கண்ணுக்குத் தெரியாது. பச்சை பளிச்சென்று தெரியும். ஆகவே என் வேலையில் கண்ணுக்கு அழகாக இருப்பது உருப்படாதது, ஒன்றுமே தெரியாமல் கிடப்பதுதான் நல்லது. இதை ஊருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

என் கணவருக்கே புரியவைக்க முடியவில்லை. அவருக்கு விசைத்தறிக் கூடம். வெள்ளை நூலில் இரண்டு கம்பெனிச் சரக்கு கலந்துவிட்டால் தறியில் ஓடும்போது ஒன்றும் தெரியாது, சாயம் போட்ட பிறகு துணியில் பட்டை பட்டையாக விழுந்து திரும்பி வந்துவிடும். நூலை வெளுக்கும்போது போடுகிற வெண்மையூட்டி புற ஊதா பட்டால் நீலமாக ஒளிரும். கம்பெனிக்குக் கம்பெனி அந்த நீலம் கூடும், குறையும். அதனால் நூல் சுற்றிய கோன்களைப் புற ஊதா டார்ச்சில் காட்டிப் பிரித்து வைப்பார். நான் கண்காட்சிக்குக் கொண்டுபோனதும் அவருடைய டார்ச்தான்.

"ஏட்டி, அதான் ஆன்லைன்ல டார்ச் கெடைக்கே. நீ எதுக்கு அதையே செய்யணும்னு கெடந்து சாவுத?"

"அது யாரோ செஞ்சது. அத செய்யுததுக்குப் பெரிய ஃபாக்டரி வேணும், ஆயிரம் டிகிரிச் சூடு வேணும். என்னுது பாட்டில் தண்ணியில வளருதது. நம்ம கல்லூரி ஓவன் அடுப்புல வளருதது."

"வளந்தா சரி" என்பார்.

அவர் கேலி செய்தாலும் நான் சொன்னது பொய்யில்லை. அந்த ஆசைதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. துத்தநாக உப்பும் ஹெக்சமின் பொடியும் கரைத்த தண்ணீர், மூடி போட்ட பாட்டில், கொதி வருவதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும் சூடு. அவ்வளவு எளிதில் வளர்கிற ஒன்றிலிருந்து புற ஊதா விளக்கு செய்துவிட முடியும் என்றால், சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு நான் ஏன் செய்யக் கூடாது? பகலில் பாடம் நடத்திவிட்டு, வாரத்தில் ஒரு நாள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்து, வருடக்கணக்கில் இதையே செய்துகொண்டிருந்தேன். வந்ததெல்லாம் பச்சை.

உப்பை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். வளர்ந்த துண்டுகளை உலையில் சுட்டெடுத்தேன். தலைகீழாக நின்று பார்த்தும் பச்சை போகவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர், அதே சமயம் அவசரக்காரர். ஒரு நாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"அம்மா, பச்சை வந்தா பச்சைன்னு எழுதிருங்க. உலகத்துல பாதிப் பேரு அப்படித்தான் எழுதுதாங்க. பதிவு நீட்டிப்பு இதுதான் கடைசி. புற ஊதா விளக்கு அத்தியாயத்த விட்டுருவோம்."

"விடமாட்டேன் சார்."

"வேஃபர் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம் இருக்கு. தெரியும்லா?"

தெரியும். வெறும் குச்சிகள் இருந்தால் மட்டும் மின்விளக்கு ஆகிவிடாது. துத்தநாக ஆக்சைடு மின்சாரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் நிற்கிற ஆள் மாதிரி, எதிர்ப்பக்கத்துக்கு வேறொரு பொருள் வேண்டும். அதற்காக வாங்கிய காலியம் நைட்ரைடு வேஃபர் என்ற மெல்லிய தகட்டை உடைத்து உடைத்து, நகத்தளவுத் துண்டுகளாகச் செலவழித்துவிட்டேன். அதில் கடைசித் துண்டுதான் அது. மறுபடி வாங்கித் தரமாட்டார்கள். அந்தத் துண்டிலும் பச்சை வந்தால் அத்தியாயம் போயிற்று. எனக்கு அத்தியாயம் போவது பெரிதில்லை. இத்தனை வருடம் நான் வளர்த்தது புற ஊதா விளக்கு இல்லை, பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர் என்று ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

"தாங்க சார், நான் வச்சிருக்கேன். பச்சை ஏன் வருதுன்னு தெரியாம தொடமாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சிறு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதைக் கைப்பைக்குள் வைத்து, பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆய்வகத்தில் எனக்கு இரண்டு டப்பாக்கள் உண்டு. பழைய ஸ்வீட் டப்பாக்கள். ஒன்றில் 'உசிர்' என்றும் மற்றதில் 'செத்தது' என்றும் எழுதி ஒட்டியிருந்தேன். வளர்த்த ஒவ்வொரு கண்ணாடியையும் டார்ச்சில் காட்டுவேன். பச்சையாகவாவது ஒளிர்ந்தால் குச்சி வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது உசிர். ஒளிரவே இல்லையென்றால் எதுவும் வளரவில்லை, அது செத்தது. இப்படித்தான் எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அது எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது எழுதும்போதே எனக்கு என் மேல் கோபம் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைத் தேடுகிறவள், கண்ணால் பார்த்து உசிரையும் பிணத்தையும் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அளவிடும் கருவி பல்கலைக்கழகத்தில் இருந்தது. அதில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அன்று எனக்கு அடுத்த நேரத்தைப் பதிந்திருந்த பையன் ஒருவன் வரவில்லை. என் உசிர்த் துண்டுகளையெல்லாம் அளந்து முடித்தும் நேரம் மிச்சம் இருந்தது. கிடைத்த நேரத்தை விட எனக்கு மனசு வராது. செத்தவற்றையும் ஒரு கை பார்ப்போம் என்று அந்த டப்பாவைத் திறந்தேன்.

முதலில் வைத்தவை உண்மையாகவே செத்தவைதான். கோடு தரையோடு தரையாக ஓடியது. அடுத்து வைத்த துண்டில் திரையில் கோடு சரேலென்று ஏறியது. புற ஊதாவில், எங்கே வர வேண்டுமோ சரியாக அங்கே, கோபுரம் மாதிரி ஒரே ஒரு முகடு. பச்சை இருக்க வேண்டிய இடம் வெறும் சமவெளி. தவறாகத் துண்டு வைத்துவிட்டேனோ என்று எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். மறுபடி அளந்தேன். மறுபடியும் அதே முகடு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி. இவ்வளவு நாளும் நான் தேடியதை நானே பிணம் என்று எழுதிப் பெட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இப்போது கேள்வி ஒன்றுதான். இந்தத் துண்டில் மட்டும் என்ன வித்தியாசம்? அதே உப்பு, அதே ஹெக்சமின், அதே தண்ணீர், அதே ஓவன். துண்டின் மேல் எழுதியிருந்த தேதி எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா வாரம். அந்த வாரம் என்ன செய்தேன் என்று திருநெல்வேலியிலிருந்து ஊர் வரும் வரை பஸ்ஸில் யோசித்தேன். தபசுக்குத் தறிக்கூடங்கள் மூடியிருந்தன. வீடு முழுக்க விருந்தாள்கள். என் கணவர், "அம்மனே ஒத்தக்கால்ல நின்னு தபச முடிச்சு சாமியப் பாத்துட்டா. நீ எப்பம்ட்டி முடிக்கப் போற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தக் கோபத்தில்தான் கல்லூரி விடுமுறையிலும் சாவி வாங்கிப் போய் பாட்டிலை வைத்தேன். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

விடை மறுநாள் என் விரலில் இருந்தது. அடுத்த வளர்ப்புக்குக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாட்டிலுக்குள் தண்ணீரில் வெண்தூள் உண்டாகி மேலிருந்து கீழே படியும். அது குச்சிகளை மூடிவிடாமல் இருக்கக் கண்ணாடியை முகம் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும். அதற்கு நூலால் கட்டுவேன். எங்கள் ஊரில் எதைக் கட்டவும் பாவு நூல்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. ஒரு பாவு முடிந்து அடுத்ததைப் பிணைக்கும்போது மிஞ்சுகிற நூலைப் பந்து பந்தாகக் கொண்டுவந்து வீட்டில் போடுவார்கள். பூ கட்டுவது, பொட்டலம் கட்டுவது, கொசுவலை கட்டுவது எல்லாம் அதில்தான். கஞ்சி ஏறிய நூல் என்பதால் விறைப்பாக இருக்கும், பிசிறாது, முடிச்சு வழுக்காது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பாவு பிணைத்துப் பழகிய கை. வேறு நூலை எடுக்கவே கை போகாது.

தபசு வாரத்தில் மட்டும் கை வேறு நூலை எடுத்திருந்தது. விருந்தாள் வீட்டுப் பிள்ளைகள் என் நூல் பந்தை எடுத்துப் பட்டத்துக்குக் கட்டிவிட்டார்கள். தறிக்கூடம் பூட்டிக் கிடந்தது. வண்டிப் பெட்டிக்குள் ஊடை நூல் சுற்றிய கட்டை ஒன்று உருண்டுகொண்டிருந்தது, அதை உருவிக் கட்டினேன். ஊடை குறுக்கே ஓடும் நூல், அதற்குக் கஞ்சி போடமாட்டார்கள். தொளதொளவென்று முடிச்சே நிற்கவில்லை என்று திட்டிக்கொண்டே கட்டியதுகூட நினைவுக்கு வந்துவிட்டது.

அப்படியே எழுந்து தறிக்கூடத்துக்கு வண்டியை விட்டேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஏங்க, பாவுக்குக் கஞ்சி போடுதாவளே, அதுல என்னல்லாம் சேப்பாவ?"

"மாவு, எண்ண... என்னத்துக்கு?"

"வேற?"

"பூஞ்ச புடிக்காம இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போடுவாவ. எல்லா எடத்துலயும் போடுதது இல்ல. நம்ம ஆளு போடுவாரு. ஏன், என்னாச்சி?"

மயில்துத்தம். காப்பர் சல்பேட். துத்தநாக ஆக்சைடுக்குள் செம்பு துளி போனாலும் பச்சையாக ஒளிரும் என்று நான் தேர்வுக்கே படித்திருக்கிறேன், வகுப்பில் கரும்பலகையில் எழுதியும் போட்டிருக்கிறேன். அதே செம்பை, சுத்தமான உப்பும் சுத்தமான தண்ணீரும் வாங்கிக் காய்ச்சும் பாட்டிலுக்குள் நானே முடிச்சுப் போட்டு இறக்கிக்கொண்டிருந்தேன். தறிக்காரர் வீட்டுப் பெண் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது. தறிக்கு நடுவில் நின்று சிரித்ததைப் பார்த்து, பாவு பிணைத்துக்கொண்டிருந்த அக்கா வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இருந்தாலும் சந்தேகத்தோடு கடைசித் துண்டைத் தொடமாட்டேன். ஒரு கைப்பிடிப் பாவு நூலை ஹெக்சமின் தண்ணீரில் போட்டு ஓவனில் வைத்தேன். சூட்டில் ஹெக்சமின் அம்மோனியாவை விடும், அம்மோனியாவோடு செம்பு சேர்ந்தால் நீலம் வரும். பள்ளிக்கூடத்து வேதியியல்தான். எடுத்துப் பார்த்தபோது தண்ணீர் மெல்லிய நீலமாக இருந்தது. ஊடை நூல் போட்ட பாட்டில் வெறும் தண்ணீர்போல் நிறமற்றுத் தெளிந்து நின்றது. பிறகு ஊடை நூலால் கட்டிச் சாதாரணக் கண்ணாடிகளை வளர்த்தேன். டார்ச்சில் எல்லாமே செத்துக் கிடந்தன, பச்சை துளியும் இல்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அதன் பிறகுதான் கடைசி வேஃபர் துண்டை எடுத்தேன். ஊடை நூலை இரண்டாகத் திரித்து முடிச்சுப் போட்டேன். கரண்ட் போகக் கூடாது என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு ஓவனுக்குப் பக்கத்திலேயே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். யாருக்கு என்ன மார்க் போட்டேன் என்று தெரியாது, பிறகு எல்லாவற்றையும் மறுபடி திருத்தினேன். மேலே மின்முனை வைக்கும் வேலையைப் பல்கலைக்கழகத்தில் முடித்த அன்றைக்கே வழிகாட்டியைக் கூப்பிட்டேன்.

இருட்டறை. சிறிய மேசையில் துண்டு. அதன் மேல் இரண்டு ஊசிகள் தொட்டுக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால், சுவரோரமாக, மின்சாரம் கொடுக்கும் பெட்டி. சார் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்திருந்தார். அன்று துறையில் ஏதோ கூட்டம். கதவை மூடி, கண் இருட்டுக்குப் பழகும் வரை இரண்டு பேரும் காத்து நின்றோம். நான் குமிழை மெல்லத் திருப்பினேன். அளவுமுள் ஏறியது. மின்சாரம் போகிறது. துண்டில் ஒன்றும் தெரியவில்லை.

இன்னும் ஏற்றினேன். பச்சை இல்லை. மஞ்சள் இல்லை. உற்றுப் பார்த்தால் ஏதோ ஊதாச் சாயல் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. பார்க்க ஆசைப்படுகிற கண்ணை நம்ப முடியாது. கருவியில் அளந்தால் தெரிந்துவிடும், ஆனால் கருவியைத் துண்டின் பக்கம் திருப்பி வைத்துச் சரிசெய்ய நேரம் வேண்டும். அதுவரை இந்தத் துண்டு தாங்க வேண்டும்.

"ஒண்ணும் வரலையேம்மா" என்றார் சார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கரண்ட் எங்கயோ கசிஞ்சு போகுது. துண்டு எரிஞ்சிரும், அணைச்சிருவோம்."

"வேண்டாம் சார்."

"போதும்மா. உங்களால முடிஞ்சத செஞ்சுட்டீங்க. பச்சையவே எழுதிருவோம்." சொல்லிக்கொண்டே பெட்டியை அணைக்க, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"கை வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் கை அந்தரத்தில் நின்றது.

அப்போது பார்த்தேன். நீட்டிய கையின் சட்டைப் பட்டி, துண்டுக்குச் சற்று மேலே நின்றிருந்தது. அதன் அடி ஓரத்தில், மிளகு அளவுக்கு ஒரு நீலப் பொட்டு. சலவைத் தூளின் வெண்மையூட்டியில் ஊறிய வெள்ளைத் துணி, கீழேயிருந்து வந்த கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை வாங்கி நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் நூல் கோன் ஒளிருமே, அதே நீலம். குமிழைக் கொஞ்சம் இறக்கினேன், பொட்டு மங்கியது. ஏற்றினேன், தெளிந்தது.

சாரும் பார்த்துவிட்டார். இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, நீலப் பொட்டு நடுங்கியது மட்டும் தெரிந்தது.

"அம்மா," என்றார், மிகவும் தணிந்த குரலில். "கைய எடுத்துக்கலாமா?"

"கொஞ்சம் அப்படியே வச்சிருங்க சார்" என்றேன். "நான் இன்னும் பாத்து முடிக்கல."